குழாயை மூடிய பிறகு

ஈரக் கையைத் துடைக்க ஒரு துணி போதும் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். என் பிழைப்பே அந்த நம்பிக்கையில்தான் ஓடியது. ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் டிரையர் மெஷினுக்கு முன்னால் நிற்பது என் வேலை. யாரென்றே தெரியாத ஆட்கள் முகம் துடைத்துப் போட்ட துண்டுகள் மலைமலையாக வரும். துவைத்துப் பிழிந்து என்னிடம் தள்ளுவார்கள், நான் உலர்த்திக் கொடுப்பேன். மறுநாள் அந்த ஆட்கள் மறுபடியும் துடைத்துப் போடுவார்கள். உலகத்தில் துண்டுக்குப் பஞ்சம் வரும் என்று கனவில்கூட நினைத்ததில்லை. வந்தது. என் மகளின் பாலர் காப்பகத்தில் வந்தது.

மகளுக்கு நாலு வயது. வீட்டில் சுண்டு என்று கூப்பிடுவோம். என் மனைவி மருந்துக்கடையில் நிற்கிறாள். இரண்டு பேரும் காலையில் கிளம்பினால்தான் வீட்டில் அடுப்பெரியும் என்பதால் சுண்டுவைக் காப்பகத்தில் விட்டுவிட்டுப் போவோம். குறை சொல்லக் கூடாது, நல்ல காப்பகம்தான். கைகழுவும் இடத்தில் குழந்தைகளுக்கு எட்டும் உயரத்தில் தொட்டிகள் உண்டு. எதிர்ச்சுவரில் வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொரு கொக்கிக்கு மேலும் ஒரு படம், படத்துக்குக் கீழே அந்தப் பிள்ளையின் துண்டு. சுண்டுவுக்கு ஆமைப் படம்.

ஒருநாள் மாலை கூப்பிடப் போனபோது ஆமை இருந்தது, துண்டைக் காணோம். யானையின் துண்டும் இல்லை, அணிலின் துண்டும் இல்லை. சுவர் மொட்டையாக இருந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பெண் மூக்கொழுகிய ஒரு பையனைத் துரத்திக்கொண்டிருந்தாள். குழந்தைகள் அவளை அக்கா என்பார்கள். ஊரே அப்படித்தான் கூப்பிடும்.

"துண்டெல்லாம் எங்கம்மா?" என்று கேட்டேன்.

"எடுத்துட்டாங்கண்ணா. மேலேருந்து உத்தரவு. ஈரத் துணியில கிருமி வளருதாம். ஒரு பிள்ளை துண்டை இன்னொரு பிள்ளை எடுத்துத் தொடச்சா சளி, வயித்துப்போக்கு எல்லாம் ஒட்டிக்குதாம்."

நியாயமாகத்தான் பட்டது. மூக்குள்ளவரை சளி உண்டுதான். அதற்காகப் பக்கத்து மூக்கின் சளியையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதில்லையே.

"சரி, இனிமே எதுல தொடைப்பாங்க?"

"அதுக்கு இன்னும் உத்தரவு வரலண்ணா."

உத்தரவு வரும்வரை குழந்தைகள் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். சட்டையில் துடைத்தார்கள். சட்டையும் துணிதான் என்று மறுநாள் விளக்கம் வந்தது. தலைமுடியில் துடைத்தார்கள். தலைமுடிக்கும் விளக்கம் வந்தது. பக்கத்துப் பிள்ளையின் முதுகில் துடைத்தார்கள். அதற்கு விளக்கம் வருவதற்குள் அடிதடி வந்துவிட்டது.

கடைசியில் கை தூக்கி நிற்பது என்று ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். சாப்பாட்டுக்கு முன் கழுவிவிட்டுச் சுவரோரம் வரிசையாக நிற்க வேண்டும். இரண்டு கையும் முகத்துக்கு நேரே தூக்கியிருக்க வேண்டும், விரல்கள் விரிந்திருக்க வேண்டும், எதையும் தொடக் கூடாது. அக்கா ஒவ்வொரு கையாகக் குனிந்து பார்த்து "உலர்ந்தாச்சு" என்று சொன்னால்தான் உட்கார்ந்து சாப்பிடலாம். நடுவில் மூக்கு அரித்துச் சொறிந்துகொண்டவர்கள் மறுபடி கழுவிவிட்டு வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். நாலு வயதில் மூக்கு அரிக்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை. கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்பார்கள். இங்கே கைக்கே எட்டவில்லை. தட்டில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது, எதிரே போலீஸிடம் பிடிபட்ட திருடர்கள் மாதிரி குழந்தைகள் நின்றுகொண்டிருந்தார்கள்.

அது குளிர்காலம். கொஞ்ச நாளில் சுண்டுவின் விரலிடுக்குகள் சிவந்தன. பிறகு வெடித்தன. ஒருநாள் காலையில் சோப்புப் பட்டதும் வீல் என்று கத்தினாள். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கை கழுவுறது நல்லது. கழுவுன கையை ஈரத்தோட விட்டா இப்படித்தான் வெடிக்கும். வீட்ல துண்டு இல்லையா?"

துண்டு உலர்த்தியே சோறு தின்கிற எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மருந்து எழுதிக் கொடுத்தார். மருந்தைவிடத் துடைப்பதுதான் முக்கியம் என்று வாசல்வரை வந்து சொன்னார்.

நேரே காப்பகத்தின் நிர்வாகியிடம் போனேன். பொறுமையான அம்மா அவர். எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே முடியாது என்பார்.

"நீங்க பதட்டப்படறது புரியுது. ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும். கழுவறது சுகாதாரப் பிரிவு. அதுல நாங்க ஒரு குறையும் வெக்கல. சோப்பு இருக்கு, தண்ணி இருக்கு, கழுவும்போது பாட பாட்டு இருக்கு. குழாய மூடினதும் சுகாதாரப் பிரிவோட வேலை முடிஞ்சுடுது. அதுக்கப்புறம் கையில இருக்கிறது வெறும் ஈரம். அந்த ஈரம் யாரோட பொறுப்புன்னு எங்களுக்கே ரொம்ப நாளா தெரியல. தேடிப் பாத்தோம். கட்டடப் பராமரிப்புல இருந்துச்சு. சுவர் ஈரம், கூரை ஈரம், தரை ஈரம். கை ஈரத்தையும் அதோட சேத்தாச்சு."

"மேடம், அது சுவரு. இது புள்ள."

"ஈரம் ஒண்ணுதானேங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சுண்டுவின் கையைக் கவனித்துவிட்டார். முகத்தில் சிரிப்பு மாறாமல், தோல் வெடித்த பிள்ளைகளை ஆறும்வரை உள்ளே விடக் கூடாது, அது மற்ற பிள்ளைகளின் பாதுகாப்புக்காக என்றார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர்கள் கிள்ளிவிட்டு, அழுகிற பிள்ளைக்கு இடமில்லை என்று தொட்டிலைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

லீவு போட்டேன். வீட்டில் கழுவும்போதெல்லாம் ஒற்றி ஒற்றித் துடைத்து மருந்து தடவினோம். விரலிடுக்கு ஆறியது. காப்பகத்தில் விட்டேன். கை தூக்கி நின்றாள். வெடித்தது. திருப்பி அனுப்பினார்கள். மனைவி லீவு போட்டாள். ஆறியது. விட்டோம். வெடித்தது. சலவைக்கூடத்து சூப்பர்வைசர் கெட்ட மனிதர் இல்லை, ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருந்தது.

"உன் பொண்ணு கை ஆறட்டும், வேணாங்கல. ஆனா மெஷின் உனக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா? இன்னொரு தடவ லீவுன்னு வந்து நின்னா அங்க வேற ஆளப் போட்டுடுவேன். அப்புறம் எம்மேல வருத்தப்படாதே."

இதை வீட்டில் சொன்னதும் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, நீங்க போய்ப் பேசுங்க. இல்லன்னா நான் போவேன். நான் போனா அது பேச்சா இருக்காது."

நானே போனேன். நல்ல வேளை, அன்றைக்குத்தான் கட்டடப் பராமரிப்பிலிருந்து அதிகாரி ஒருவர் வந்திருந்தார். ஈரத்துக்குப் பொறுப்பானவர் என்பதால் ஈர அதிகாரி என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். கையில் ஒரு சிறு கருவி, அதன் நுனியில் இரண்டு ஊசி முனைகள். சுவரில் அழுத்தினால் உள்ளே எவ்வளவு ஈரம் என்று காட்டுமாம். அவர் முதலில் பழக்க தோஷத்தில் சுவரை அளந்தார், திருப்தியாகத் தலையாட்டினார். அப்புறம் கை தூக்கி நின்ற முதல் பிள்ளையிடம் வந்து, உள்ளங்கையில் கருவியை வைத்தார். பிள்ளை கூசிப்போய்ச் சிரித்தது.

"அசையாம நிக்கச் சொல்லுங்க. சுவர் இப்படி அசையாது," என்றார் அக்காவிடம். வரிசை முழுவதையும் அளந்து முடித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "கடுமையான கசிவு. எங்கேருந்து வருதுன்னு பாத்தீங்களா?"

"குழாய்லேருந்து சார்," என்றாள் அக்கா. "இப்பத்தான் கை கழுவினாங்க."

"ஒருக்கா கழுவினா பரவால்ல. தினமும் கழுவுறீங்களா?"

"சாப்பாட்டுக்கு முன்னாடி, கக்கூஸ் போயிட்டு வந்து, விளையாடிட்டு வந்து…"

"அப்போ அங்கதான் தப்பு. கசிவுக்குக் காரணத்த அடைக்காம மேல பூசி என்ன பிரயோஜனம்?"

நிர்வாகி குறுக்கே புகுந்து, கழுவுவதை நிறுத்த முடியாது, அது சுகாதாரப் பிரிவு என்று சிரித்தார். அதிகாரி வெகுநேரம் யோசித்தார். சுவராக இருந்தால் ஈரம் உறிஞ்சாத பெயிண்ட் இரண்டு கோட் அடிக்கச் சொல்லியிருப்பேன் என்று வருத்தத்தோடு சொன்னார். அப்படி எதையாவது எழுதிவிடப் போகிறாரோ என்று பயந்து நான் வாயைத் திறந்தேன்.

"சார், ஒரு துண்டு குடுத்தா போதும் சார்."

"துணியா?" அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "துணியில ஈரம் ஏறும். ஏறின ஈரம் துணியில இருக்கும். அப்போ நம்ம கட்டடத்துல ஈரம் கொறஞ்சுதா? எடம்தானே மாறிச்சு?"

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று ஆட்களைச் சொல்வார்கள். இவர் கழுவவே விடாத மீன்.

அடுத்த வாரம் கை உலர்த்தும் மெஷின் வந்தது. கையைக் கீழே நீட்டினால் சூடான காற்று அடிக்கும். நானும் சந்தோஷப்பட்டேன், என் தொழிலைச் சேர்ந்த சாமான் ஆயிற்றே. ஆனால் சுவரில் மாட்டுகிற எதையும் பெரியவர்களின் நெஞ்சு உயரத்தில்தான் மாட்டுவது கட்டடப் பராமரிப்பின் வழக்கமாம். குழந்தைகளுக்கு எட்டவில்லை. ஸ்டூல் போட்டு ஏற்றலாம் என்றால், விழுந்துவிடுவார்கள் என்று ஸ்டூலுக்குத் தடை. அக்கா தூக்கிக் காட்டலாம் என்றால், இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று அதற்கும் தடை. ஆகவே அக்கா தன் கையை நீட்டி மெஷினை ஓடவிட வேண்டும், குழந்தைகள் கீழே நின்று கையைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. காற்று பாதி வழியில் நின்றுவிட்டது. அக்காவின் கை மட்டும் அன்றைக்கு அருமையாக உலர்ந்தது.

சத்தத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் சலவைக்கூடத்தின் மெஷின்கள் அத்தனையும் சேர்ந்தால்கூட அப்படி அலறாது. முதல் தடவை ஓடியபோது பிள்ளைகள் சுவரைப் பார்த்து ஒடுங்கினார்கள். ஒரு பையன் நின்ற இடத்திலேயே கால்சட்டையை நனைத்துவிட்டான். இந்தத் தரை ஈரத்தை மட்டும் கட்டடப் பராமரிப்பு வந்து துடைத்துவிட்டுப் போனது. அது அவர்கள் வேலை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சுண்டு பயத்தில் ஈரக் கையால் காதைப் பொத்திக்கொண்டாள். காதைத் தொட்ட கை என்று மறுபடி கழுவச் சொன்னார்கள். கழுவினாள், மெஷின் அலறியது, பொத்தினாள், கழுவினாள். நான் போனபோது மற்ற பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருந்தார்கள். அவள் தட்டு மூடியபடி இருந்தது. விரலிடுக்கில் ரத்தம் கசிந்திருந்தது.

அன்றைக்கு என் பொறுமை போயிற்று. மறுநாள் காலை வெடிப்பு தெரியாமல் மருந்தை அப்பிவிட்டு, ஒரு சின்னத் துண்டை மடித்து அவள் பையின் பக்கவாட்டில் செருகினேன். "கழுவினதும் மொள்ள எடுத்துத் தொடச்சுக்கோடா. யார்கிட்டயும் காட்டாதே," என்றேன். பெற்ற மகளுக்குக் கள்ளத்தனம் சொல்லிக் கொடுத்தேன், அதுவும் கை துடைக்க. மத்தியானத்துக்குள் பிடிபட்டுவிட்டாள். துண்டைப் பறிமுதல் செய்து பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டி, மாலையில் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். உறைக்குள் அந்தத் துண்டு மேசைமேல் இருந்தது.

ஈர அதிகாரி பேச எழுந்தார்.

"ஒரு துண்டுதானேன்னு சில பேர் நெனக்கலாம். இன்னிக்கு ஒரு துண்டு, நாளைக்கு எல்லாரும் ஆளுக்கொரு துண்டு. எல்லார் கையும் உலர்ந்துடும். அப்புறம் நாங்க மாட்டின மெஷின் எதுக்கு? நாங்க எதுக்கு? உங்க பிள்ளைங்க கையப் பத்தி எங்கள விட அக்கறையா யாரும் யோசிச்சதில்ல. ஆனா கையப் பத்தி யோசிக்கும்போது பிள்ளையப் பத்தி யோசிக்கக் கூடாது. அதுல எங்க பிரிவு ரொம்பத் தெளிவா இருக்கு. உண்மையச் சொன்னா, கையோட பிள்ளை ஒட்டிக்கிட்டு இருக்கிறதுதான் இதுல சிக்கலே. அழுது, அசையுது, மூக்கத் தொடுது. வெறும் கையா இருந்தா இந்த வேலைய நாங்க எப்பவோ முடிச்சிருப்போம்."

சிலர் கைதட்டினார்கள். அறை புழுக்கமாக இருந்தது. அதிகாரி கால்சட்டைப் பையிலிருந்து ஒரு பெரிய கைக்குட்டையை எடுத்து முகத்தையும் கழுத்தையும் துடைத்து, பிறகு இரண்டு உள்ளங்கையையும் நிதானமாகத் துடைத்துக்கொண்டார். நான் எழுந்தேன்.

"சார், உங்க கையில இருக்கிறது துணிதானே?"

மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"துணிதான். ஆனா இந்த விதி கழுவின கைக்குத்தான். நான் காலையிலேருந்து கை கழுவவே இல்லியே!"

நிர்வாகி ஆமோதித்துத் தலையாட்டினார். இந்த முறை எல்லோரும் கைதட்டினார்கள். நான் உட்கார்ந்தேன். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிறவனிடம், அய்யா வீடு எரிகிறதே என்று கத்தி என்ன பயன்? பூச்சி செத்ததா இல்லையா என்றுதான் கேட்பான்.

சுண்டுவை மறுபடி வீட்டுக்கு அனுப்பினார்கள். கை முழுக்க ஆறிவிட்டது என்று ஈர அதிகாரியே பார்த்துச் சொன்னால்தான் இனிச் சேர்ப்பார்களாம். நான் மறுபடி லீவுக்குப் போய் நின்றேன். சூப்பர்வைசர் சொன்னபடியே செய்தார். என் மெஷினுக்கு வேறொருவன் வந்துவிட்டான், எனக்கு வாரத்தில் பாதி நாள் துண்டு மடிக்கிற வேலை. நான் வருத்தப்படக் கூடாது என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் வருத்தப்படவில்லை. கோபம்தான் வந்தது, அதையும் துண்டோடு சேர்த்து மடித்துவைத்தேன்.

கை ஆறியதும் அவளைத் தூக்கிக்கொண்டு காப்பகத்துக்குப் போனேன். நிர்வாகி வாசலிலேயே மலர்ந்த முகத்தோடு நின்றார்.

"வாங்க வாங்க. நல்ல சேதி. இந்த வாரம் எங்க காப்பகத்துல ஒரு ஈரக் கைகூட இல்ல! சளி இல்ல, வயித்துப்போக்கு இல்ல. மேலேருந்து பாராட்டே வந்திருக்கு. மத்த காப்பகத்துலயும் இதே முறையக் கொண்டுவரப் போறாங்க."

உள்ளே எட்டிப் பார்த்தேன். அறை கழுவித் துடைத்தாற்போல் இருந்தது. நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்திருந்தன. பிள்ளைகள் யாரும் இல்லை. எல்லாருக்கும் கை வெடித்து, எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியாயிற்று. அக்கா ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இவ கை ஆறிடுச்சு மேடம். பாருங்க."

"ஆறின மாதிரிதான் தெரியுது. ஆனா அதை நான் சொல்லக் கூடாதே. கட்டடப் பராமரிப்பு அதிகாரிதான் சொல்லணும். அவரு மத்த காப்பகங்களுக்குப் பயிற்சி குடுக்கப் போயிருக்காரு. எப்ப வருவாருன்னு தெரியல."

நான் அவரோடு சண்டை போடவில்லை. சண்டை போடுவதற்கு அங்கே ஆள் இருக்க வேண்டும். போங்கடா நீங்களும் உங்கள் காப்பகமும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு திரும்பினேன். வேலை பாதி போனாலும் போகட்டும், பிள்ளை இனி என் கையில் வளரட்டும். வழியெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன், மனசு லேசாக இருந்தது. தோளில் கிடந்த அவள் கையைத் தொட்டுப் பார்த்தேன். பழையபடி பட்டுப்போல் ஆகியிருந்தது.

மத்தியானம் சுடச்சுடச் சமைத்தேன். சுண்டு தானே போய்க் கை கழுவினாள், சோப்புப் போட்டு, பாட்டை முழுதாகப் பாடி. நல்ல பெரிய துண்டாக எடுத்து விரித்துக்கொண்டு நின்றேன். "வாடா கண்ணு, தொடச்சு விடறேன்," என்றேன்.

அவள் வரவில்லை. சுவரோரம் போய் முதுகை ஒட்டி நின்று, இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கினாள். விரல்களை விரித்துக்கொண்டாள். முழங்கைவரை தண்ணீர் வழிந்தது.

"சுண்டு, இது நம்ம வீடுடா. இங்க நிக்க வேணாம். சாப்பாடு ஆறிடும், வா."

"உலர்ந்தாச்சுன்னு சொல்லணும்."

"உலர்ந்தாச்சு."

"நீ சொல்லக் கூடாதுப்பா."

சிரித்துப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். துண்டோடு பக்கத்தில் போனால் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கடைசியில் கத்திவிட்டேன். அத்தனை பேரிடம் கத்த வேண்டியதை அவளிடம் கத்திவிட்டேன். உதடு பிதுங்கியது, கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. கை மட்டும் இறங்கவில்லை.

"கண்ணையாவது தொடச்சுக்கோடி," என்றேன்.

அவள் தலையாட்டி மறுத்தாள்.

"கண்ணத் தொடச்சா கை ஈரமாயிடும்பா. மறுபடியும் மொதல்லேருந்து நிக்கணும்."